பைட்டர் குஞ்சுகள் ஏன் முதல் கிழமையிலேயே சாகின்றன?

பரந்தனில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறாராம். ஒரு சோடி பைட்டர் மீன் (சண்டை மீன்) வாங்கிவிட்டார். இரண்டு தடவை முட்டை போட்டு, இரண்டு தடவையும் குஞ்சு பொரித்து, பொரித்த ஐந்தாம் ஆறாம் நாளுக்குள் ஒன்று மிச்சமில்லாமல் செத்துவிட்டது. கிணற்றுத் தண்ணிதான் பாவிக்கிறார், சாப்பாட்டுக்கு அவித்த முட்டையின் மஞ்சட்கரு. "என்ன மருந்து போட வேண்டும்?" என்பது கேள்வி. கடைசியில் இன்னொரு வரி: தாயும் தகப்பனும் நீலம் என்றால் குஞ்செல்லாம் நீலமாக வருமா?

தம்பி, நீங்கள் கேட்டது மருந்து. ஆனால் நீங்கள் எழுதிய விபரத்தைப் பார்த்தால் மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. சோடி சரியாகச் சேர்ந்திருக்கிறது, முட்டை கருக்கட்டியிருக்கிறது, ஆண் கூட்டைக் காத்திருக்கிறது, குஞ்சு பொரித்திருக்கிறது. பைட்டர் வளர்க்கத் தொடங்குகிற பலர் அங்கேயே தடுக்கி விழுவார்கள். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். குஞ்சு எந்த நாளில் சாகிறது என்பதுதான் இங்கே விசயம். பொரித்த குஞ்சின் வயிற்றில் இரண்டு மூன்று நாளுக்குப் போதுமான கருவுணவு இருக்கும். அது முடிந்ததும் குஞ்சு கிடையாக நீந்தத் தொடங்கும், அன்றே அதற்குச் சாப்பாடு வேண்டும். வாய்க்குள் போகக்கூடிய உயிருள்ள சாப்பாடு கிடைக்காவிட்டால் அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். கூட்டிப் பாருங்கள், உங்கள் ஐந்தாம் ஆறாம் நாள் வந்துவிடும். பசி, அதோடு மஞ்சட்கரு அழுகி நஞ்சான தண்ணி. இரண்டில் எது முதலில் கொன்றது என்று இங்கிருந்து என்னால் சொல்ல ஏலாது. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே என்பதால் அது தெரியாவிட்டாலும் பெரிய நட்டமில்லை.

நான் மீன் வைத்தியர் இல்லை. படித்தது விலங்கியல். வவுனியாவில் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டிலில் பல வருடமாகப் பைட்டர் பெருக்கி வருகிறேன். கீழே சொல்வதில் எது உறுதி, எது என்னுடைய ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

உறுதியான ஒன்றோடு தொடங்குவோம். பைட்டர் பெருக்குவதில் முதல் வேலை சோடி தேடுவதில்லை, குஞ்சின் சாப்பாட்டை வளர்ப்பது. சோடியைப் பெட்டியில் விடுவதற்கு ஒரு பத்து நாள் முன்பே சாப்பாடு வளரத் தொடங்கியிருக்க வேண்டும். குஞ்சு பொரித்த பிறகு யூரியூப்பில் தேடினால் காலம் போய்விடும். புதுக் குஞ்சு 3 மில்லிமீற்றர் நீளம்தான் இருக்கும், அதன் வாய் எவ்வளவு சின்னது என்று நீங்களே யோசியுங்கள். முதல் சில நாளுக்கு அதற்குத் தேவை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒருகல உயிரிகள். மீன் வளர்ப்பவர்கள் இன்பியூசோரியா என்று சொல்வது இவற்றைத்தான். எங்கள் பக்கம் இதைவிட லேசாகக் கிடைக்கிற சாப்பாடு வேறில்லை. ஒரு ஐந்து லீற்றர் வாளியில், மீன் இருக்கிற தொட்டியின் பழைய தண்ணியோ சுத்தமான குளத்துத் தண்ணியோ எடுங்கள். ஒரு பிடி காய்ந்த வைக்கோலை வெட்டிப் போடுங்கள், இல்லையென்றால் காய்ந்த வாழைப்பழத் தோலில் ஒரு துண்டு. நேரடி வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். முதல் இரண்டு நாள் தண்ணி பால் மாதிரிக் கலங்கி மணக்கும். அது பக்றீரியா. அந்த நேரத்தில் அதை எடுத்துக் குஞ்சுக்கு ஊற்றாதீர்கள். நாலாம் ஐந்தாம் நாளளவில் கலங்கல் தெளியத் தொடங்கும், மணம் குறையும். ஒரு கண்ணாடிக் கிளாசில் கொஞ்சம் எடுத்து, பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்து, பக்கத்தில் இருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைத் தூசி மாதிரி ஒன்று தானாக அங்கும் இங்கும் நகரும். தூசி சும்மா மிதந்து கீழே போகும், இது திரும்பி மேலே வரும். அதுதான் உங்கள் குஞ்சின் முதல் சாப்பாடு. ஒரே வாளியை நம்பாதீர்கள், மூன்று நாள் இடைவெளியில் இரண்டு மூன்று வாளி போட்டு வையுங்கள். ஒன்று அடங்கும்போது மற்றது எழும்பியிருக்கும்.

இதில் ஒரு சட்டச் சிக்கலும் இருக்கிறது, பகிடியாக எடுக்காதீர்கள். மூடாமல் வைத்த வாளியில் நுளம்பு முட்டையிடும். நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டம் 2007இலேயே வந்துவிட்டது. மழைக் காலத்தில் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து உங்கள் வாளியில் குடம்பியைக் கண்டால் "மீனுக்குச் சாப்பாடு ஐயா" என்று சொல்லித் தப்ப முடியாது. நுளம்புக் குடம்பி பெரிய பைட்டருக்கு அருமையான சாப்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அதை வீட்டில் வளர்க்க வேண்டாம். வாளிக்கு நுளம்பு வலையைக் கட்டி, விளிம்பைச் சுற்றி றபர் நாடா போட்டு விடுங்கள். மீன் இல்லாமல் சும்மா கிடக்கிற போத்தல்களையும் கவிழ்த்து வையுங்கள்.

இன்பியூசோரியாவில் குஞ்சு உயிர் தப்பும், வளராது. வளர வைப்பது ஆர்ட்டீமியா, உப்புத் தண்ணியில் வாழ்கிற இறால் மாதிரியான ஒரு சின்ன உயிரி. நீந்தத் தொடங்கி இரண்டு மூன்று நாளில் பெரும்பாலான குஞ்சுகள் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவை விழுங்கக்கூடிய அளவுக்கு வந்துவிடும். பெரிய வாய்க்காரர் சிலர் முதல் நாளே பிடிப்பார்கள். தூள் மாதிரி இருக்கிற அதன் காய்ந்த முட்டை கொழும்பில் இருந்து வர வேண்டும், விலையும் கொஞ்சம் கூடத்தான், ஆனால் சின்ன டப்பா ஒன்று பல மாதம் வரும். வாங்கினதும் ஈரம் படாமல் இறுக்கி மூடிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். உப்பு உங்கள் வாசலிலேயே இருக்கிறது. ஆனையிறவுக் கல்லுப்பு 25 முதல் 30 கிராம், ஒரு லீற்றர் தண்ணி, அதற்குள் கால் தேக்கரண்டி முட்டை. ஒரு சோடாப் போத்தலின் அடியை வெட்டி, தலைகீழாகக் கட்டி, மூடிப் பக்கம் அடியில் இருந்து காற்று கொப்பளிக்கும்படி எயார் பம்பின் குழாயை விடுங்கள். வெளிச்சம் வேண்டும், சூடு 28 பாகை. கிட்டத்தட்ட 24 மணித்தியாலத்தில் தண்ணி செம்மஞ்சளாக மாறியிருக்கும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் வெறும் கோது மேலே மிதக்கும், குஞ்சு ஆர்ட்டீமியா அடியில் சேரும். அதை மட்டும் குழாயால் இழுத்து, மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணியால் ஒரு தடவை அலசிக் கொடுங்கள். கோதைக் கொடுக்க வேண்டாம், அது குஞ்சின் குடலை அடைக்கும். உப்புத் தண்ணியையும் அப்படியே ஊற்றாதீர்கள். கொடுத்துக் கால் மணித்தியாலத்தில் டோர்ச் அடித்துப் பாருங்கள்: ஒவ்வொரு குஞ்சின் வயிறும் சின்னச் செம்மஞ்சள் உருண்டையாக வெளியே தெரியும். வயிறு நிறம் மாறாத குஞ்சு சாப்பிடவில்லை. அதை எண்ணி வைத்துக்கொண்டால் அடுத்த கிழமை எத்தனை மிஞ்சும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஆர்ட்டீமியா கிடைக்காது, காசும் இல்லை என்றால் மொய்னா என்கிற தண்ணித் தெள்ளுப்பூச்சியை வளர்க்கலாம். அதன் புதுக் குஞ்சும் கிட்டத்தட்ட ஆர்ட்டீமியா அளவுதான். ஒரு சிமெந்துத் தொட்டியில் பச்சைத் தண்ணி பிடிக்க வைத்து, ஈஸ்ற் கரைசல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் போதும். சிலர் மாட்டுச் சாணத்தைத் துணியில் கட்டித் தொங்கவிடுவார்கள், அதுவும் வேலை செய்யும். ஆனால் மொய்னாவோ குளத்துப் பாசியோ வயல் வாய்க்காலில் அள்ளுவதாக இருந்தால், பக்கத்து வயலுக்கு மருந்தடித்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு அள்ளுங்கள். பாசிக்குள் தும்பியின் குடம்பி ஒளிந்து வரும். ஒரு குடம்பி இருந்தாலே ஒரு பெட்டிக் குஞ்சை இரவோடு இரவாகக் குறைத்துவிடும்.

மஞ்சட்கருவுக்கு வருவோம். அதைச் சாப்பிட்டு வளர்ந்த குஞ்சு இல்லை என்று நான் சொல்லவில்லை. துணியில் கட்டிப் பிழிந்து, இரண்டு துளி விட்டு, மிச்சத்தை அரை மணித்தியாலத்தில் உறிஞ்சி எடுக்கிற பொறுமை இருந்தால் அதுவும் நடக்கும். நடைமுறையில் என்ன நடக்கிறது? குஞ்சு அசையாத பொருளைச் சாப்பாடு என்றே மதிப்பதில்லை. கரு அடியில் படிந்து, எங்கள் சூட்டுக்குச் சில மணித்தியாலத்திலேயே அழுகத் தொடங்கும். அழுகினால் அமோனியா. இதில் வன்னித் தண்ணிக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. அமோனியாவின் நஞ்சு தண்ணியின் பி.எச். (அமில, காரத் தன்மை) அளவிலும் சூட்டிலும் தங்கியிருக்கிறது. பி.எச். 7இல் இருந்து 8க்கு ஏறினால் அதே அளவு அமோனியாவின் நஞ்சுப் பங்கு கிட்டத்தட்டப் பத்து மடங்காகும். எங்கள் கிணறுகள் பலவற்றில் பி.எச். 7.5க்கு மேலேதான் நிற்கும். கண்டிப் பக்கம் மென்மையான தண்ணியில் ஒருவர் மஞ்சட்கருவோடு சமாளித்தது உங்களுக்குப் பரந்தனில் சரிவராமல் போவதற்கு இதுவே போதும்.

கிணற்றுத் தண்ணி கடினமானது, கேத்தலுக்குள் பார்த்தாலே வெள்ளையாகப் படிந்திருக்கும். பைட்டரின் பூர்வீகம் தாய்லாந்தின் வயலும் சதுப்பும், அங்கே தண்ணி மென்மை. ஆகவே கடினத் தண்ணியில் பெருகாது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அது சரியில்லை. கடைப் பைட்டர் பல தலைமுறை தொட்டியில் வளர்ந்த மீன், பி.எச். 8 வரைக்கும் பழகிக்கொள்ளும், வவுனியாக் கிணற்றுத் தண்ணியில் என்னிடம் பெருகிக்கொண்டுதான் இருக்கிறது. கடினம் கூடினால் பொரிக்கிற விகிதம் கொஞ்சம் குறைகிறது என்று எனக்குப் படுகிறது, ஆனால் அதை நான் ஒழுங்காக அளந்து பார்த்ததில்லை. மழைத் தண்ணியைப் பாதிக்குப் பாதி கலந்தால் நல்லது. முதல் மழையை விட்டுவிடுங்கள், கூரைத் தூசியெல்லாம் அதில்தான் வரும். முழுக்க மழைத் தண்ணியில் வளர்க்கவும் வேண்டாம், பி.எச். நிலையில்லாமல் ஆடும். கடினத்தைவிட இரண்டு விசயத்துக்குத்தான் நான் பயப்படுவேன். ஒன்று உவர். பூநகரிப் பக்கமும் கரையோரமும் கிணறு உவர்ப்பாக இருக்கும். வாயில் வைத்து உப்புத் தெரிந்தால் அந்தத் தண்ணி குஞ்சுக்கு வேண்டாம். மற்றது குளோரின். வெள்ளம் வடிந்த பிறகு கிணறுகளுக்குக் குளோரின் போடுவார்கள். வீட்டில் யாராவது போட்டுவிட்டு உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். சந்தேகம் என்றால் தண்ணியை அகன்ற பேசினில் ஊற்றி, காற்று விட்டு, இரண்டு நாள் வைத்துவிட்டுப் பாவியுங்கள்.

பெட்டிக்கு நான் சொல்வது ரெஜிபோம். முல்லைத்தீவில் இருந்து ஐஸ் போட்டு மீன் வருகிற பெட்டிதான். சந்தையில் பழசு கேட்டால் சும்மாவே தருவார்கள். நன்றாகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டால் மணம் போய்விடும், சவுக்காரம் மட்டும் போடாதீர்கள். கண்ணாடித் தொட்டி பார்க்க வடிவுதான், ஆனால் மார்கழி தையில் இரவுச் சூடு 22 பாகைக்குக் கீழே இறங்கும்போது கண்ணாடியும் அதோடு சேர்ந்து இறங்கும். பைட்டர் முட்டைக்கும் குஞ்சுக்கும் 26 முதல் 29 பாகை வேண்டும். அதைவிட முக்கியம், சூடு பகலுக்கும் இரவுக்கும் ஏறி இறங்கக் கூடாது. ரெஜிபோம் அந்த ஆட்டத்தைக் குறைக்கும், கரண்ட் போனாலும் சில மணித்தியாலம் தாங்கும். என்னைக் கேட்டால் வாடைக் காலத்தில் குஞ்சு எடுக்காதீர்கள். ஹீற்றர் இருந்தால் பரவாயில்லை. இல்லாவிட்டால் மாசிக் கடைசிக்குப் பிறகு தொடங்குங்கள். வைகாசி ஆனிச் சூட்டுக்குப் பெட்டியை வீட்டுக்குள் வைத்தால் போதும், தகரக் கொட்டிலுக்குள் வைத்தால் அவிந்துவிடும்.

சோடி சேர்ப்பது உங்களுக்குத் தெரிந்ததால் சுருக்கமாகச் சொல்கிறேன். நாலு மாதத்துக்கு மேல், ஒரு வயதுக்குள் உள்ள மீன் நல்லது. ஒரு கிழமை பத்து நாள் இரண்டுக்கும் தனித்தனியே உயிருணவு கொடுங்கள். தண்ணி 10 முதல் 15 சென்ரிமீற்றர் ஆழம் போதும். ஆழம் கூடினால் கூட்டில் இருந்து விழுகிற முட்டையைத் தேடியெடுத்தே ஆண் களைத்துவிடும். ரெஜிபோம் கோப்பை ஒன்றைப் பாதியாக வெட்டி மிதக்க விட்டால் அதன் கீழே ஆண் நுரைக்கூடு கட்டும். பெண்ணை முதலில் ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் வைத்துக் காட்டுங்கள். உடம்பில் மேலிருந்து கீழாகக் கோடு விழுந்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு ஆணைப் பார்த்தால் விடலாம். கிடையாகக் கோடு விழுந்து ஓடினால் பயந்திருக்கிறது, இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். ஒளிய இடம் வேண்டும், பாசியோ காய்ந்த இலையோ தாராளமாகப் போடுங்கள். செட்டை கொஞ்சம் கிழிவது வழமை. பெண் மூலையிலேயே ஒடுங்கி, செதில் பெயர்ந்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

சேரும்போது ஒரு தடவையாவது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். ஆண் பெண்ணைச் சுற்றி வளைந்து இறுக்கும். இரண்டும் சில விநாடி அசையாமல் அப்படியே நிற்கும். பிடி தளர்ந்ததும் ரவை மணி போல வெள்ளை முட்டைகள் கீழே உதிரும். பெண் இன்னும் மயக்கத்தில் சரிந்து கிடக்கும்போதே ஆண் கீழே பாய்ந்து, ஒவ்வொன்றாக வாயில் பொறுக்கி, மேலே போய் நுரைக்குள் ஊதி ஒட்டும். இது பல மணித்தியாலம் திரும்பத் திரும்ப நடக்கும். கடைசியில் ஆண் பெண்ணைத் துரத்தத் தொடங்கும், அப்போது பெண்ணை எடுத்துவிடுங்கள். முதல் தடவை முட்டையிட்ட சோடியில் ஆண் முட்டையைத் தின்றால் கோபிக்க வேண்டாம். கருக்கட்டாத முட்டையையும் அது தின்னும், பயந்தாலும் தின்னும். பெட்டிக்கு மேலே குனிந்து குனிந்து பார்ப்பதைக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

குஞ்சு கிடையாக நீந்தத் தொடங்கிய அன்று ஆணை எடுக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. நானும் அப்படித்தான் எடுக்கிறேன். விட்டு வைத்தும் நன்றாக வளர்த்தவர்கள் இருக்கிறார்கள், ஆகவே இது கட்டாய விதி என்று சொல்ல மாட்டேன். அன்றுதான் சாப்பாடும் தொடங்க வேண்டும். குஞ்சு வாலைத் தொங்கவிட்டுக் கூட்டில் நிற்கிற நாளில் எதுவும் ஊற்றாதீர்கள். பிறகு நாளுக்கு மூன்று நாலு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக.

பெட்டியை மூடி வையுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள், ஏன் என்று சொல்ல மாட்டார்கள். பைட்டருக்கு விரால் மாதிரி மேல்காற்றையும் சுவாசிக்கிற உறுப்பு உண்டு. பிறக்கும்போது அது இருக்காது, மூன்றாம் நாலாம் கிழமையளவில்தான் உருவாகும். அப்போது குஞ்சு மேலே வந்து காற்றுக் குடிக்கத் தொடங்கும். தண்ணிக்கு மேலே உள்ள காற்று வறண்டு குளிர்ந்திருந்தால் அந்த நேரத்தில் இழப்பு கூடும் என்பது அனுபவத்தில் கண்டது. கண்ணாடியோ சொப்பிங் பையோ போட்டு மூடி, ஓரத்தில் சின்னத் துவாரம் விட்டால் சரி. அதுவரைக்கும் குஞ்சு பூவால் (செவுளால்) மட்டுமே மூச்சு விடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். அதனால் தண்ணி கெட்டால் பெரிய பைட்டரைவிட அது முதலில் சாகும்.

தண்ணி மாற்ற மருந்துக் கடையில் ஒரு சேலைன் குழாய் வாங்குங்கள். அதில் உருளைக் கட்டுப்பாடு இருப்பதால் துளித்துளியாக விடலாம். முதல் கிழமை அடி அழுக்கை மட்டும் மெதுவாக உறிஞ்சி, அதே சூட்டில் முன்பே பிடித்து வைத்திருந்த நல்ல தண்ணியைத் துளித்துளியாகச் சேருங்கள். இரண்டாம் கிழமையில் இருந்து நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு, பிறகு கூட்டிக்கொண்டு போகலாம். உறிஞ்சின தண்ணியை வெள்ளைப் பேசினில் விட்டுப் பாருங்கள், நாலைந்து குஞ்சு அதற்குள் நீந்திக்கொண்டு நிற்கும், கரண்டியால் எடுத்துத் திருப்பி விடலாம்.

இனி மருந்து. இரண்டு மூன்று கிழமைக் குஞ்சுகளை மொத்தமாகக் கொல்கிற நோய் ஒன்று உண்டு, வெல்வெற் என்பார்கள். இருட்டில் டோர்ச்சைச் சரித்து அடித்தால் உடம்பில் பொன்தூள் தூவின மாதிரி மினுங்கும். கண்டால் வெளிச்சத்தைக் குறைத்து, தண்ணி மாற்றி, ஆரம்பத்திலேயே லீற்றருக்கு ஒரு கிராம் உப்புச் சேர்த்துப் பார்க்கலாம். செப்பு மருந்து வேலை செய்யும், ஆனால் கொஞ்சம் கூடினால் குஞ்சே போய்விடும், அளக்கத் தெரியாமல் தொடாதீர்கள். மனிதருக்கான அன்ரிபயோற்றிக் மாத்திரையை உடைத்துப் போடுகிற வழக்கம் எங்கள் பக்கம் இருக்கிறது. உங்கள் குஞ்சின் பசிக்கு அது உதவாது, தண்ணியைச் சுத்தமாக வைத்திருக்கிற நல்ல பக்றீரியாவையும் கொன்றுவிடும். மருந்து என்றதும் இன்னொன்று: நுளம்புச் சுருளிலும் கரப்பான் அடிக்கிற தெளிப்பானிலும் டெங்குப் புகையிலும் பெரும்பாலும் இருப்பது பைரெத்திரொயிட் வகை நஞ்சு. மனிதருக்கு அவ்வளவு ஆபத்தில்லை, மீனுக்கு மிகமிகக் கொடியது. புகை அடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் பெட்டியை இறுக்கி மூடி, எயார் பம்பை நிறுத்துங்கள். பம்ப் அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணிக்குள் விடுகிறது.

சந்தேகமான விசயங்கள் சில. நாட்டு வாதுமை, சிங்களத்தில் கொட்டம்பா என்கிற மரத்தின் காய்ந்த இலையைத் தண்ணியில் போடச் சொல்வார்கள். நானும் போடுகிறேன். தண்ணி தேத்தண்ணி நிறமாகும், ஆண் கூடு கட்டும், இலையில் நுண்ணுயிர் பெருகிக் குஞ்சுக்குக் கொறிக்க ஏதாவது கிடைக்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் அது நோயைச் சுகப்படுத்தும் என்று விற்கிறார்களே, அதை நான் நம்பவில்லை. எங்கள் கடினத் தண்ணியில் ஒரு இலை பி.எச். அளவைக் குறைக்கும் என்பதும் வெறும் கதை. மைக்ரோ வேர்ம் என்கிற நுண்புழுவைக் கொடுத்தால் வயிற்றுச் செட்டை வளராது என்று ஒரு நம்பிக்கை உண்டு. செட்டை இல்லாத குஞ்சுகளை நானும் கண்டிருக்கிறேன். புழுதான் காரணமா, அது செத்து அடியில் அழுகின தண்ணிதான் காரணமா என்றால் இரண்டாவது என்பது என் ஊகம். பெரிய குஞ்சுகள் ஏதோ ஒரு சுரப்பை விட்டுச் சின்னதுகளை வளரவிடாமல் தடுக்கின்றன என்றும் சொல்வார்கள். தண்ணி மாற்றினால் எல்லாம் வளர்கிறது என்பது தெரியும், காரணம் சுரப்பா வெறும் அழுக்கா என்பதில் நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

இரண்டு மாதம் தாண்டினால் வேறு ஒரு தலையிடி. ஆண்கள் செட்டையை விரித்துச் சண்டைக்கு நிற்கத் தொடங்கும், ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். ஒரு ஈட்டில் நூறு குஞ்சு தப்பினால் ஐம்பது ஆண், ஐம்பது போத்தல், ஐம்பதுக்கும் சாப்பாடு, இரண்டு நாளைக்கு ஒருக்கால் தண்ணி. வியாபாரம் செய்ய நினைக்கிறீர்களோ தெரியாது, நினைத்தால் இதையும் கணக்கில் எடுங்கள். கடைக்காரர் ஆணைத்தான் கேட்பார், பெண்ணுக்கு விலை மிகக் குறைவு. வால் வளைந்ததையும் செட்டை இல்லாததையும் யாரும் வாங்க மாட்டார்கள். அவற்றையோ மிஞ்சினதையோ இரணைமடுவிலோ பக்கத்துக் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். எங்கள் நீர்நிலைகளுக்கு வெளிநாட்டு மீனால் வந்த கரைச்சல் ஏற்கெனவே போதும். மூன்று நாலு ஈடு எடுத்த பிறகு, எத்தனை போத்தலை உங்களால் கழுவ முடியும் என்று தெரிந்ததும் கடையோடு கதையுங்கள்.

கடைசிக் கேள்வி, நிறம். நீலத்தை நீலத்தோடு சேர்த்தால் எல்லாம் நீலமாக வராது. பைட்டரின் உலோக மினுக்கம் ஒரே மரபணுவின் இரண்டு வடிவங்களால் வருகிறது, ஒன்று மற்றதை முழுக்க மறைப்பதில்லை. இரண்டும் ஒவ்வொன்று கிடைத்த மீன்தான் நல்ல நீலம். ஒரே வடிவம் இரண்டு கிடைத்தால் சாம்பல் கலந்த ஸ்ரீல் நீலம், மற்ற வடிவம் இரண்டு கிடைத்தால் பச்சை சாய்ந்த ரேர்க்கோய்ஸ். ஆகவே உங்கள் சோடியில் சராசரியாகப் பாதிதான் நீலம், காற்பங்கு ஸ்ரீல், காற்பங்கு ரேர்க்கோய்ஸ். தாய் தகப்பனில் ஏதாவது ஒன்று கோய் அல்லது மாபிள் (திட்டுத் திட்டாக நிறம் உள்ள வகைகள்) வழி வந்ததாக இருந்தால் இந்தக் கணக்கும் சரிவராது, அந்த மீன்கள் வளர்ந்த பிறகும் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். குஞ்சு முழுக்க நீலமாகவே வேண்டும் என்றால், இந்த ஈட்டில் வருகிற ஸ்ரீல் பெண் ஒன்றையும் ரேர்க்கோய்ஸ் ஆண் ஒன்றையும் ஒதுக்கி வைத்து வளருங்கள். அவை இரண்டையும் சேர்த்தால் வருவது எல்லாம் நீலம்.